நடுச்சுவரில் மாட்ட வேண்டிய படம்

ரெஜினா மேடத்திடம் கேள்வி கேட்டுப் பதிலோடு திரும்பியவர் எங்கள் கல்லூரியில் ஒருவரும் கிடையாது. ஏதாவது ஒரு வேலையோடுதான் திரும்புவோம். போய் ஆற்றைப் பார்த்துவிட்டு வா என்பார். அந்தக் கதவைக் கழற்றி மறுபடி மாட்டு என்பார். முனகிக்கொண்டே செய்வோம். செய்து முடித்த பிறகு என்ன கேட்டோம் என்பதே மறந்து போயிருக்கும்.

தாமிரபரணிக் கரையில் இருந்த ஓவியக் கல்லூரி அது. கடைசி ஆண்டில் ஒவ்வொருவருக்கும் நீளக் கூடத்தை இரண்டு நாள் கொடுப்பார்கள். அதில் தனிக் கண்காட்சி வைக்க வேண்டும். முதல் நாள் காலை பத்து மணிக்கு வெளியூரிலிருந்து தேர்வாளர்கள் வருவார்கள். அதற்கு முந்தின நாள் மாலை ஐந்துக்குள் வழிகாட்டும் ஆசிரியர் படிவத்தில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். போடவில்லை என்றால் அடுத்த வருடம்தான்.

கோமதிநாயகத்தின் முறை வந்தது; அவனுக்கு வழிகாட்டி ரெஜினா மேடம்தான். நான் அவனோடு படித்தவன். அவனுக்கு நல்ல கை. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும் என்பதுதான் கொஞ்சம் தொந்தரவு.

நான்கு வருடமும் அவன் ஒரே ஆளைத்தான் வரைந்திருந்தான். எங்களுக்கு மாடலாக வந்து உட்காரும் சுடலைமுத்து அண்ணனை. கூடத்தில் அவருடைய படங்கள் இருபத்திரண்டு. வாசலருகே முதலாண்டில் கரியால் வரைந்த சார்கோல் படங்கள் தொடங்கி, வரிசையாகச் சுவரைச் சுற்றி வந்து, நடுச்சுவரில் ஆறடி உயரக் கான்வாஸில் முடிந்தன. அந்தக் கான்வாஸ் மூன்று மாத உழைப்பு. தோள்பட்டையில் அவன் கொண்டுவந்திருந்த வெளிச்சத்தைப் பார்த்து ஜூனியர்கள் வாயடைத்துப் போனார்கள். நானும் பொறாமைப்பட்டேன்.

கண்காட்சிக்கு முந்தின நாள் மதியம் இரண்டு மணிக்கு மேடம் வந்தார். கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். நடுச்சுவரின் முன் சற்று நின்றார். பேனாவை எடுக்கவில்லை.

நாயகம் படிவத்தை நீட்டினான்.

"மேடம், இந்தப் படத்துல உயிர் இருக்கா?"

இருக்கிறது என்று சொல்லிவிடுவார் என்ற தைரியத்தில்தான் கேட்டான்.

"சுடலையண்ணன் பார்த்தாரா?" என்றார் மேடம்.

"மாடல்கிட்ட எப்படி மேடம் காட்டுறது?"

அவன் கேட்டதிலும் தப்பில்லை. முதல் நாள் வகுப்பிலேயே எங்களுக்குச் சொல்லித் தந்த சட்டம் அது. வரையும்போது மாடலோடு பேசக் கூடாது. இடைவேளையில் மாடல் இறங்கி வந்து பலகைகளைப் பார்க்கக் கூடாது. பார்த்துவிட்டால் அடுத்த முறை தன்னை அறியாமலே உடம்பை மாற்றி வைத்துக்கொள்வாராம். சுடலையண்ணன் பதினெட்டு வருடமாக அந்தச் சட்டத்தை மீறியதில்லை. மேடையில் அவர் பாதத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டிருக்கும். டீ குடித்துவிட்டு வருவார், அந்தக் கோட்டுக்குள் காலை வைப்பார், அப்படியே நின்றுவிடுவார். அவர் பார்த்ததெல்லாம் எங்கள் பலகைகளின் முதுகைத்தான்.

"போய்க் கூட்டிட்டு வா. காய்கறி மார்க்கெட்ல இருப்பார்."

"மணி ரெண்டாச்சு மேடம். கையெழுத்து..."

"கூட்டிட்டு வா."

நாயகம் உர்ரென்று வண்டியை எடுத்தான். என்னையும் பின்னால் ஏறச் சொன்னான், வழி முழுக்கத் திட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டும் என்பதால். சுடலையண்ணன் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"நான் வரலாமா தம்பி?"

"மேடம்தான் வரச் சொன்னாங்க."

வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுத்தான் வருவேன் என்றார். வேறு வழியில்லாமல் தெருவில் காத்துக் கிடந்தோம். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வந்தார். வரும் வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி ஒரு சீப்பு வாழைப்பழம் வேறு வாங்கினார். கல்லூரிக்குள் நுழையும்போது மூன்றே கால். நாயகம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

அவரைச் சட்டையோடு கண்டதும் ஜூனியர்களுக்கு அடையாளமே தெரியவில்லை. அவர் கூடத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டார்.

"செருப்போட வரலாம்ணே," என்றேன்.

"இருக்கட்டும் தம்பி."

பழத்தை மேடத்திடம் கொடுத்தார். மேடம் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அண்ணன் முதல் படத்தின் முன் போய் நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். 

"இது மழை பெஞ்ச அன்னைக்கு உள்ளது," என்றார்.

"எப்படிண்ணே தெரியும்?" என்றேன். படத்தில் மழையும் இல்லை, ஜன்னலும் இல்லை. ஓர் ஆள், ஒரு முக்காலி, அவ்வளவுதான்.

"கூரை ஒழுகிச்சு. இந்தா, இந்தத் தோள்ல சொட்டுச் சொட்டா விழுந்துக்கிட்டே இருந்துச்சு. அசையக் கூடாதுல்லா? தோளை மட்டும் லேசா இறுக்கி வச்சிக்கிட்டேன். தம்பி அதை அப்படியே போட்டிருக்கு."

நாங்கள் குனிந்து பார்த்தோம். இடது தோள் தளர்ந்திருந்தது. வலது தோள் ஒரு விரற்கடை மேலே ஏறி இறுகியிருந்தது. வரைந்தவனும் எங்களோடு சேர்ந்து இப்போதுதான் அதைப் பார்த்தான்.

அண்ணன் அடுத்த படத்துக்கு நகர்ந்தார்.

"இது எம்மவளை ஆஸ்பத்திரில சேத்துட்டு வந்த நாளு. பெத்துட்டாளா இல்லையான்னு தெரியாம நாலு மணி நேரம் இங்கன உக்காந்திருந்தேன். கால்விரலைப் பாருங்க."

பெருவிரல் தரையைக் குத்தி ஊன்றியிருந்தது. நகம் வெளுக்கும் அளவுக்கு ஊன்றியிருந்தது. அன்றைக்கு நானும் பக்கத்தில் உட்கார்ந்து வரைந்தேன். அப்படி ஒரு விரல் இருந்ததே எனக்குத் தெரியாது.

"என்ன பிள்ளைண்ணே?" என்று கேட்டார் மேடம்.

"பொம்பளப்பிள்ளதான். இப்ப வீட்டுல ஓரிடத்துல நிக்க மாட்டேங்கா."

யாரும் சிரிக்கவில்லை.  நாலு வருடம் ஒரு மனிதரின் முன் உட்கார்ந்திருந்தோம். அவருக்குப் பேத்தி பிறந்தது எங்களுக்குத் தெரியாது. ஆனால் நாயகத்தின் சார்கோலுக்குத் தெரிந்திருந்தது.

அவர் போய்க்கொண்டே இருந்தார். இது காய்ச்சல் அடித்த நாள். இது கோயில் கொடைத் திருவிழாவுக்கு மறுநாள், கண்ணெல்லாம் தூக்கம். இரண்டாம் ஆண்டுப் படங்களைத் தாண்டியதும் பேச்சு குறைந்தது. மூன்றாம் ஆண்டு நீர்வண்ணங்களின் முன் ஒருமுறை மட்டும் "வெயில் காலம்" என்றார். பிறகு அதுவும் இல்லை. ஒவ்வொரு படத்தையும் மரியாதையாகப் பார்த்துவிட்டு நகர்ந்தார். அவருடைய வெறுங்கால் சத்தம் மட்டும் கேட்டது.

நடுச்சுவருக்கு வந்தார். ஆறடிக் கான்வாஸை அண்ணாந்து பார்த்தார். பின்னால் நகர்ந்து பார்த்தார். கிட்டே போய்ப் பார்த்தார்.

"இது ஆரு, தம்பி?"

கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

நாயகத்தின் முகம் சுண்டிப் போயிற்று. "நீங்கதான்ணே."

"அப்படியா?" அண்ணனுக்குச் சங்கடமாகிவிட்டது. "நல்லா இருக்கு தம்பி. ஆளு வாட்டசாட்டமா இருக்காரு."

நாயகம் மேடத்திடம் திரும்பினான்.  "அண்ணனுக்குப் படம் பாக்கத் தெரியாது மேடம். மூணு மாசம் உயிரக் குடுத்துப் போட்டிருக்கேன். மணி நாலாகப் போகுது. எனக்கு ஒரு வருசம் போயிரும்."

மேடம் அண்ணனிடம் திரும்பினார்.

"அண்ணே, இவன் வரையும்போது எப்படி இருப்பான்?"

சுடலையண்ணன் கொஞ்சம் யோசித்தார்.

"எப்ப உள்ளதைக் கேக்கீக? மொத வருசமா, இப்பமா?"

"ரெண்டும்."

அவர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அதன் நுனியில் உட்கார்ந்தார். கழுத்து முன்னால் நீண்டது. ஒரு தோள் ஏறியது. நாக்கு நுனி உதட்டோரம் வந்து நின்றது. கண், எதிரே இருந்த ஒன்றை விழுங்கிவிடுவதுபோல் பார்த்தது. ஒரு கணம் தாழ்ந்தது. உடனே பதறிக்கொண்டு மேலே வந்தது, அதற்குள் எதிரே இருப்பது போய்விடும் என்பதுபோல.

நாயகம்தான். நாற்பத்தாறு வயது மனிதரின் முகத்தில் பதினெட்டு வயது நாயகம் உட்கார்ந்திருந்தான். எங்கோ ஒரு ஜூனியர் பெண் "அம்மா" என்று மெல்லச் சொன்னது கேட்டது.

பிறகு அவர் முக்காலியில் நன்றாகப் பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்தார். முதுகு நிமிர்ந்தது. மோவாய் உயர்ந்தது. கண் தன் கைக்குக் கீழே இருந்த ஏதோ ஒன்றில் லயித்துக் கிடந்தது. ரொம்ப நேரம் கழித்து ஒருமுறை எதிரே பார்த்தது, கடிகாரத்தைப் பார்ப்பதுபோல. மறுபடி கீழே போய்விட்டது.

இதுவும் நாயகம்தான். இந்த வருடத்து நாயகம்.

அண்ணன் எழுந்தார். நாயகத்தைப் பார்த்துக் கூச்சத்தோடு சிரித்தார்.

"தப்பா நினைக்காதீங்க தம்பி. அங்கன நிக்கும்போது பொழுது போவணும்லா? எண்ணிக்கிட்டே இருப்பேன். மொத வருசம் பத்துத் தடவ என்னையப் பாத்தா ஒரு தடவ பேப்பரப் பாப்பீக. இப்பம் என்னைய ஒரு தடவ, பேப்பரப் பத்துத் தடவ. கை பழகிட்டுல்லா. அதான்."

எங்களுக்குள் ஆசை வந்துவிட்டது. என்னைக் காட்டுங்கள் என்று ஒருத்தன் கேட்டான். காட்டினார். என்னையும் காட்டினார். நான் மேடையைப் பார்த்ததைவிட வாசலைப் பார்த்ததுதான் அதிகம் என்று அன்றைக்குக் கல்லூரி முழுக்கத் தெரிந்துபோனது.

கடைசியாக, யாரும் கேட்காமலே, இன்னும் ஓர் ஆளைக் காட்டினார். தாவணி நுனியில் கரிக்கையைத் துடைத்துக்கொள்ளும் ஒரு பெண். பார்க்கிறாள், பார்க்கிறாள், பார்த்துக்கொண்டே இருக்கிறாள். கை பேப்பரில் இறங்கவே இல்லை. கண் நிறைந்து வழிகிறது. புறங்கையால் துடைத்துவிட்டு மறுபடி பார்க்கிறாள்.

எங்கள் வகுப்பில் அப்படி ஒருத்தி இல்லை. யார் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகுதான் மேடத்தைக் கவனித்தோம். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார். மேடமும் இதே கல்லூரியில் படித்தவர். சுடலையண்ணன் முதன்முதலில் மேடையேறிய வருடம்தான் அவரும் சேர்ந்தார்.

நான் கடவுள் நம்பிக்கை உள்ளவன் இல்லை. ஆனாலும் அன்றைக்கு அந்த மனிதரைக் கும்பிடத் தோன்றியது. எத்தனை நூறு பேரின் முகத்தைச் சத்தமில்லாமல் உடம்புக்குள் வைத்துக்கொண்டு மூட்டை தூக்கிக்கொண்டிருக்கிறார்.

 நாயகம் அழப் போகிறான் என்று நினைத்தேன். அவன் நடுச்சுவருக்குப் போய் என்னைக் கைகாட்டி அழைத்தான். இரண்டு பேரும் சேர்ந்து ஆறடிக் கான்வாஸை இறக்கிச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தோம். அவன் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டான். பலகையில் ஒரு தாளைக் குத்தினான்.

"உக்காருங்கண்ணே."

"சட்டையக் கழட்டவா தம்பி?"

"வேண்டாம்ணே."

"எப்படி உக்காரணும்?"

"உங்க இஷ்டம்ணே."

அண்ணன் திகைத்துப் போனார். பதினெட்டு வருடத்தில் அவரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. கையை முட்டியில் வைத்துப் பார்த்தார், எடுத்தார். தரையில் சாக்பீஸ் கோட்டைத் தேடினார். கடைசியில் ஒரு காலை மடித்து நாற்காலியில் ஏற்றிக்கொண்டு, ஒருபக்கமாகச் சாய்ந்து, அக்கடா என்று மூச்சு விட்டார்.

நாயகம் பார்த்தான். கால் மணி நேரம் சார்கோலை எடுக்கவே இல்லை. பிறகு எடுத்தான். கண் மேலேயே இருந்தது. 

"பேசலாமாண்ணே?" என்று அவனே கேட்டான்.

"பேசலாமே தம்பி."

"பேத்தி பேரு என்ன?"

"பேச்சியம்மா. எங்காத்தா பேரு."

ஐந்தடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது மேடம் பின்னால் வந்து நின்றார். தாளில் ஒரு காதும், காதுக்குக் கீழே கழுத்தில் கொஞ்சமும் இருந்தன. அவ்வளவுதான். எந்தப் படத்திலும் அவன் அவ்வளவு குறைவாக வரைந்ததில்லை. ஆனால் அந்தக் காது கேட்டுக்கொண்டிருந்தது.

மேடம் பேனாவை எடுத்துப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

"அண்ணே, நாளைக்குப் பத்து மணிக்கு வர முடியுமா? இதே சட்டையிலேயே வாங்க."

"லோடு ஒண்ணு இருக்கு டீச்சர். சொல்லிட்டு வந்துருதேன்."

"நாற்காலி அங்கேயே கிடக்கட்டும். தாளையும் நடுச்சுவர்லயே மாட்டிடு," என்றார் நாயகத்திடம்.

அவன் எழுந்து நின்றான். விரலெல்லாம் கரி.

"மேடம், இது முடியலையே. எக்ஸ்டர்னல் வருவாங்க, படத்தைப் பாக்கத்தானே வாராங்க. அவங்க முன்னாடி நான் என்ன செய்யட்டும்?"

மேடம் பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார்.

"அவங்க படத்தைப் பார்க்கட்டும். நீ அண்ணனைப் பாரு."