நன்றி சொல்ல ஓர் ஆள்

லலிதகுமாரி டீச்சர் எங்கள் இருவரையும்விட வயதில் இளையவர். இருந்தாலும் நாங்கள்தான் அவருடைய சீடர்கள். அந்தச் சொல்லைக் கேட்டால், தேனீக்களுக்கு ஊதும் புகையை எடுத்து எங்கள் முகத்தில் ஊதிவிடுவார்.

பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவர். அந்த வேலையை விட்டுவிட்டு, மார்த்தாண்டத்துக்கு மேற்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறார். தேனீ வளர்க்கக் கற்றுக்கொள்ளத்தான் நாங்கள் முதலில் போனோம். தேனீ எங்களுக்குக் கொஞ்சம்தான் படிந்தது. மற்ற விஷயங்களுக்காக இன்னும் போய்க்கொண்டிருக்கிறோம்.

நாங்கள் என்றால் நானும் தாணுலிங்கமும். நான் எபனேசர், தையல்காரன், சபையில் பாடகர் குழுவில் நிற்கிறவன். தாணுலிங்கம் லாரி ஓட்டியவர். அவருக்குச் சாமி கிடையாது. டீச்சருக்கும் கிடையாது. உங்கள் இரண்டு பேர் பங்கையும் சேர்த்து நானே கும்பிட வேண்டியிருக்கிறதே என்று அவர்களைக் கிண்டல் செய்வேன்.

தாணுலிங்கத்திடம் எனக்குப் பிடிபடாத ஒன்று இருந்தது. ஏசு என்று ஒருவர் உண்மையிலேயே வாழ்ந்தாரா என்று மூன்று வருஷமாகப் படித்துக்கொண்டிருந்தார். ரோமர்கள் என்ன எழுதினார்கள், யூதர்கள் என்ன எழுதினார்கள் என்று ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. சாப்பாட்டுப் பையில் சாப்பாடு இல்லாத நாள் உண்டு, புத்தகம் இல்லாத நாள் கிடையாது.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாட்களில் ஒரு காலை. ரப்பர் மரங்கள் தளிர்விட்டிருந்தன, பெட்டிகளில் தேன் நிறைந்திருந்தது. மூன்று பேரும் தேன் எடுத்துக்கொண்டிருந்தபோது தாணுலிங்கத்தின் பை சரிந்து புத்தகம் வெளியே விழுந்தது. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"டீச்சரே, கல்யாணத்துக்கே போவாதவரு, பாயசத்துல இனிப்பு பத்துமான்னு கவலப்படுதாரு. ஏசு இருந்தாரான்னு நம்புத நான் கேட்டா அதுல ஒரு அர்த்தம் உண்டு. நம்பாத உங்களுக்கு அவரு இருந்தா என்ன, இல்லாட்டா என்ன?"

டீச்சர் ஒரு கரண்டித் தேனை எடுத்துத் தாணுலிங்கத்தின் உள்ளங்கையில் ஊற்றினார்.

"இது எந்தப் பூவுல உள்ள தேன் அண்ணாச்சி?"

"பூ இல்லியே டீச்சர். ரப்பர் தளிர்ல, இலைக் காம்புல ஊறுததுல்லா."

"எதுல ஊறுனா என்ன? இனிக்குதுல்லா?"

"அதெப்படி? எங்க ஊறுதுன்னு தெரியாட்டா பெட்டியக் கொண்டு எங்க வைக்கது?"

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "கேட்டியளா எபனேசர் அண்ணே?"

ஊறும் இடத்தைத் தேடத்தான் வேண்டும் என்கிறார் என்று எனக்குப் பாதி புரிந்தது. புரியாத பாதியைக் காட்டிக்கொள்ளாமல் தலையாட்டினேன். ஆனால் பதில் சொன்ன தாணுலிங்கமே தலையாட்டவில்லை.

"அது உங்க காரணம் டீச்சர். எனக்கு அது இல்ல."

"உங்களுக்கு எது?"

அவர் உள்ளங்கைத் தேனை நக்கினார். கையை வேட்டியில் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆறு வருஷத்துக்கு முந்தி, விடியக் காலம். நல்ல மழை. லாரியில கண்ணு அசந்துட்டு. சைக்கிள்ல ரப்பர் பால் வெட்டப் போன ஒரு ஆளு மேல ஏத்திட்டேன். தாசையன்னு பேரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதும் உயிரு போயிட்டு."

எனக்கு அது தெரியும். ஊருக்கே தெரியும். அவர் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன்.

"ஆஸ்பத்திரி வாசல்ல அவரு ஆளுவ என்னப் பிடிச்சுட்டாவ. அடிச்சே கொன்னிருப்பாவ. அந்த நேரம் அவரு பெண்டாட்டி ஞானபாய் அக்கா உள்ள இருந்து வந்தாவ. நடுவுல நின்னு, 'இவரத் தொடாதீங்க. மன்னிக்கணும்னு ஏசு சொல்லியிருக்காரு. நான் மன்னிச்சாச்சு'ன்னாவ. அவ்வளவுதான். பொறவு கேசு நடந்துது, ஒரு வருஷம் ஜெயில்ல இருந்தேன். அங்க சாவணும்னு நினைச்ச நாளெல்லாம் அந்த ஒரு வார்த்தையப் பிடிச்சுத்தான் கிடந்தேன்."

அவர் துடைப்பதை நிறுத்திவிட்டு டீச்சரைப் பார்த்தார்.

"இப்ப சொல்லுங்க டீச்சர். அப்படி ஒரு ஆளு இருந்ததே இல்லைன்னு வந்துட்டா? யாரும் சொல்லாதத நம்பியா அக்கா என்ன மன்னிச்சாவ? அது தெரிஞ்சா குடுத்தத அவிய திருப்பி எடுத்துருவாவளோ? அதுதான் எனக்குப் பயம்."

அவர் மூன்று வருஷமாகப் படித்ததை நான் எப்படியெல்லாம் கிண்டல் செய்திருக்கிறேன் என்று நினைத்துப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

"அப்படி ஒருத்தரு இருந்தாருன்னுதான் வரலாறு படிச்சவியள்ல அதிகம் பேரு சொல்லுதாவ," என்றார் டீச்சர்.

"அது நானும் படிச்சேன். படிச்சும் மனசு அடங்கல்ல."

டீச்சர் ஒரு பாட்டிலைக் கழுவித் துடைத்தார். புதுத் தேனைக் கழுத்துவரை நிரப்பி மூடி, தாணுலிங்கத்தின் கையில் கொடுத்தார்.

"ஞானபாய் அக்கா வீடு எங்க?"

"ரெண்டு பஸ் ஸ்டாப் தள்ளி."

"ஜெயில்ல இருந்து வந்த பொறவு போனியளா?"

"எந்த முகத்த வச்சுட்டுப் போவேன் டீச்சர்?"

"சொன்னவரு இருந்தாரான்னு ரெண்டாயிரம் வருஷம் பின்னால போய்த் தேடுதிய. செஞ்சவிய ரெண்டு ஸ்டாப் தள்ளி இருக்காவ. போய்ப் பாத்துட்டு வாருங்க."

தாணுலிங்கம் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முகத்தைக் கழுவினார். சட்டையை உதறிப் போட்டுக்கொண்டார். புத்தகப் பையை மறந்துவிட்டு நடந்தார்.

நாங்கள் வேலையைப் பார்த்தோம். பார்த்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம். நான் இரண்டு தடவை தேனீயிடம் கொட்டு வாங்கினேன். ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் டீச்சர் நிமிர்ந்தார்.

நாலு மணிக்குத் தாணுலிங்கம் வந்தார். கையில் அதே பாட்டில். அக்கா வாங்கவில்லை என்று நினைத்துவிட்டேன். பக்கத்தில் வந்ததும்தான் தெரிந்தது, உள்ளே இருந்தது தேன் இல்லை, நல்லமிளகு. எங்கள் பக்கத்தில் அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரமாட்டார்கள்.

"அவிய வீட்டுக் கொடியில பறிச்சு உணக்குனது," என்றார். அவர் கண் சிவந்திருந்தது. முகம் மட்டும் தூங்கி எழுந்தவர் முகம் போல இருந்தது.

"என்ன சொன்னாவ?" டீச்சர் கேட்பதற்கு முன்னால் நானே கேட்டுவிட்டேன்.

"கதவத் திறந்ததுமே ஆளு தெரிஞ்சுட்டு. 'இத்தன நாளும் காணல்லியே'ன்னாவ. சோறு போட்டாவ. நான் கேட்டுட்டேன் டீச்சர். ஏசு இருந்ததே இல்லைன்னு நாளைக்கு ஒருத்தன் நிரூபிச்சுட்டா, நீங்க என்ன மன்னிச்சது என்ன ஆவும்னு கேட்டேன்."

"கோபப்பட்டாவளா?" என்றேன்.

"சிரிச்சாவ. பொறவு சொன்னாவ. 'அன்னைக்கு அவரு சொன்னதுக்காவ வாயால சொல்லிட்டேன். மனசு சம்மதிக்கல்ல. மறுநாளு காலம்பற எழும்புனதும் மறுபடி மன்னிக்க வேண்டி வந்துது. அடுத்த நாளும் அப்படித்தான். ரெண்டு வருஷம் எனக்கு அதுதான் முதல் வேல. அத்தன காலையும் எழும்புனது நான்லா? அத எவன் வந்து இல்லைன்னு நிரூபிப்பான்?'"

இருபது வருஷமாக மன்னிப்பைப் பற்றி நாலு சுரத்தில் பாடுகிறவன் நான். ஒரு காலை எழுந்து அதைச் செய்து பார்த்ததில்லை.

"நன்றி சொன்னியளா?" என்று டீச்சர் கேட்டார்.

"சொன்னேன் டீச்சர். ஆறு வருஷம் நெஞ்சுல கிடந்ததச் சொன்னேன். அழுதுட்டேதான் சொன்னேன். ஆனாலும் சொல்லிட்டேன்."

டீச்சர் மிளகுப் பாட்டிலை இரண்டு கையாலும் வாங்கி வைத்தார். தாணுலிங்கம் குனிந்து தன் பையை எடுத்தார். புத்தகத்தின் அட்டையில் தேன் பட்டு எறும்பு மொய்த்திருந்தது.

"அப்ப இனி இது வேண்டாம், இல்லியா டீச்சர்? அவரு இருந்தா என்ன, இல்லாட்டா என்ன. அக்கா இருக்காவ. எனக்கு அது போதும்."

காலையில் நான் கேட்ட அதே கேள்வி. என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை.

டீச்சர் புத்தகத்தை வாங்கினார். எறும்புகளை ஊதிவிட்டு, ஈரத் துணியால் அட்டையைத் துடைத்து, மறுபடி அவர் கையிலேயே கொடுத்தார்.

"படிங்க அண்ணாச்சி. அக்காவுக்கு மன்னிக்கச் சொல்லிக் குடுத்தது யாருன்னு தெரிஞ்சா, அவருக்கும் ஒரு பாட்டில் கொண்டு குடுக்கணும்லா?"