விதைக்கடலை வழக்கு

முதல் குற்றம்: பங்குனி நாலாம் தேதி, விதைக்கென்று கட்டி வைத்திருந்த கடலை மூட்டையின் முடிச்சு மாறியிருந்தது. இரண்டு கை குறைவு.

இரண்டாம் குற்றம்: பங்குனி ஒன்பது. பாத்தியில் ஊன்றிய பச்சைப்பயறு தோண்டப்பட்டிருந்தது. எலி என்றார்கள். எலி மண்ணைத் திரும்ப மூடி வைத்துவிட்டுப் போகாது.

மூன்றாம் குற்றம்: பங்குனி பதினெட்டு. கிழட்டு மாட்டுக்கு ஊற வைத்த கடலைப் புண்ணாக்கில் பாதியைக் காணோம். மாடு புகார் கொடுக்கவில்லை.

நான்காம் குற்றம்: பங்குனி இருபத்து மூன்று, ஞாயிறு, விடிந்த கையோடு. எள்ளுப் பானைக்குள் கை. கையும் களவுமாகப் பிடித்தாயிற்று.

இருளப்பன் இதை வெள்ளைத்தாளில் கோடு போட்டு எழுதினார். முப்பத்தோரு வருஷம் தொழிற்சங்கத் தலைவராக மில் வாசலில் நின்று முதலாளி மேல் குற்றப்பத்திரிகை எழுதிய கை அது. வரிசை தவறினால் வழக்குத் தோற்கும் என்பார். எது முதலில் நடந்ததோ அதுதான் மேலே நிற்க வேண்டும்.

தாளின் அடியில் 'குற்றவாளியின் பெயர்' என்று எழுதி இடம் விட்டார். அதைக் கூட்டத்தில், சாட்சிகள் முன்னால், வாயால்தான் சொல்ல வேண்டும். அதுவும் அவர் கொண்டுவந்த சட்டம்தான்.

மலையடிவாரத்தில் இருந்த அந்த இடத்துக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் அடுப்பில்லாத் தோட்டம். பன்னிரண்டு பேர் இருந்தார்கள். தீ மூட்டுவதில்லை. பால், முட்டை, தேன் என்று எந்த உயிரிடமிருந்தும் எதையும் பிடுங்குவதில்லை. பச்சையாக விளைவதைப் பச்சையாகவே தின்பார்கள். நடத்துகிறவள் தாயம்மாள். வயது நாற்பத்தைந்து. அறுபத்தாறு வயது இருளப்பனும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

சீடன் என்ற சொல் அவருக்கு ஆகாது. ஆனாலும் சீடர்தான். மில்லை மூடிய வருஷம் முட்டி மடங்காமல் வந்தவரை அவள் தட்டில் வைத்த பச்சை உணவுதான் நடக்க வைத்தது.

அன்று பத்து மணிக்குக் கூட்டம். பெயர் வாசிக்கப்பட்டவர் உச்சிப்பொழுதுக்குள் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியேற வேண்டும். எட்டு மணிக்கே இருளப்பன் தாளோடு தாயம்மாளிடம் போனார்.

அவள் வாசலில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். எதிரே மரத்தடியில் மாசானம் காலை நீட்டிக் கிடந்தான். மாசானம் பழைய மில் தொழிலாளி. வேலைநிறுத்தத்தில் இருளப்பனுக்குப் பின்னால் நின்றவன், இங்கேயும் பின்னாலேயே வந்துவிட்டான். வேறு போக்கிடம் கிடையாது. மூன்று மாதமாகத் தோட்டத்துக்குக் கிணறு வெட்டிக்கொண்டிருந்தவன் அவன் ஒருத்தன்தான்.

எள்ளுப் பானையில் அகப்பட்ட கையும் அவனுடையதுதான்.

"அக்கா, இதைப் பாருங்க."

"வாசிங்க, அண்ணாச்சி."

வாசித்தார். மாசானம் தலையைத் தூக்கவில்லை.

"தலைவரே, நான் இல்லைன்னு சொல்லலியே," என்றான். "இருக்கச் சொன்னா இருக்கேன். போகச் சொன்னா போறேன்."

"நீ பேசாதடா. உன்னால என் மூஞ்சியில கரி."

தாயம்மாள் துருவலை நிறுத்தினாள்.

"தேதி வேண்டாம். காணாமப் போனதை மட்டும் இன்னொரு தரம் வாசிங்க."

"கடலை. பச்சைப்பயறு. புண்ணாக்கு. எள்ளு."

"எள்ளுப் பானைக்குப் பக்கத்துல என்ன இருந்துச்சு?"

"பேரீச்சம்பழ ஜாடி."

"மூடியா இருந்துச்சு?"

"திறந்துதான் கிடந்தது."

"மேல?"

"வாழைத்தார்."

"பழுத்ததா?"

"பழுத்தது." இருளப்பனுக்கு எரிச்சல் வந்தது. "இதெல்லாம் எதுக்கு? ருசி கெட்ட திருடன். அதுக்குச் சட்டத்துல தள்ளுபடி கிடையாது."

"புண்ணாக்கு இனிக்குமா, மாசானம்?"

"தொண்டையில அடைக்கும்க்கா," என்றான் அவன். "தண்ணியைக் குடிச்சுத்தான் உள்ள தள்ளினேன். ஏன்னே தெரியல. கை தானா போவுது."

இருளப்பன் தாளை மடித்தார். உள்ளுக்குள் ஏதோ ஒன்று அவரைப் பிடித்து இழுத்தது. அதை உதறுவதற்காகவே குரலை உயர்த்தினார்.

"அக்கா, சுத்தி வளைக்க வேண்டாம். நீங்க எங்க வர்றீங்கன்னு தெரியுது. புரதம்! ஊரெல்லாம் கேக்கற அதே கேள்வி. நான் எட்டுப் பக்கம் எழுதி அச்சடிச்சு பதில் சொல்லியாச்சு. யானைக்கு யார் பருப்பு கொடுத்தாங்க?"

'புரதப் பூச்சாண்டி' என்ற சிறு நூல் அது. முதல் வரியே யானைதான். முளைவிட்ட பயறு பிறக்கப்போகும் உயிர், அதைத் தின்பது தொட்டிலில் கை வைப்பது போல என்று நாலாம் பக்கத்தில் எழுதியிருந்தார். மரம் தானாகக் கொடுக்கும் பழமும் தேங்காயும் போதும் என்று ஏழாம் பக்கம். போன ஆவணியில் அதைக் கூட்டத்தில் வாசித்துக் கை தூக்கச் சொன்னார். பதினோரு கை உயர்ந்தது. அன்று முதல் பன்னிரண்டு தட்டிலிருந்தும் முளைப்பயறும் ஊற வைத்த கடலையும் போயின; விளைவது விற்க மட்டும் என்றானது. தாயம்மாள் கை தூக்கவில்லை. தடுக்கவும் இல்லை.

"யானை காலையில ஆரம்பிச்சா மறுநாள் காலை வரைக்கும் மெல்லும்," என்றாள் தாயம்மாள். "மாசானம் அந்நேரமெல்லாம் பாறை உடைக்கிறான்."

"அப்ப ஒரே சொல்லில் சொல்லுங்க. பழமும் தேங்காயும் போதுமா, போதாதா?"

"என்னைக் கேட்டா? அவன் காலைக் கேளுங்க."

"கால்ல என்ன? நல்லாச் சதை பிடிச்சிருக்கு. ரெண்டு மாசமா நானே எல்லாருக்கும் காட்டுறேன். முகமும் பூரிச்சிருக்கு. உள்ளே இருக்கிற கழிவெல்லாம் இறங்குது."

"கட்டை விரலை வச்சு அமுக்குங்க. முழங்காலுக்குக் கீழ, எலும்பு மேல. நான் விடச் சொல்ற வரைக்கும்."

இருளப்பன் குனிந்தார். அமுக்கினார். மாசானம் வெட்கத்தோடு சிரித்தான்.

"தலைவர் என் காலைப் பிடிக்கிற காலமும் வந்துச்சு."

"விடுங்க," என்றாள் தாயம்மாள்.

விரலை எடுத்தார். விரல் இருந்த இடத்தில் குழி இருந்தது. ஈர மண்ணில் பதித்தது போல அப்படியே நின்றது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். குழி மூடவில்லை.

"உங்க கால்லயும் அமுக்கிப் பாருங்க."

அவர் அமுக்கிப் பார்க்கவில்லை. சில நாளாகச் செருப்பு வார் இறுக்கமாக இருந்தது அவருக்குத் தெரியும்.

"அது சதை இல்ல, பயறு கடலை இல்லாம கோத்த நீர்," என்றாள் அவள். "நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். கூட்டத்துல வாயை மூடுனவ, அப்புறம் எதுக்குத் திறக்கணும்னு இருந்துட்டேன். மாட்டுத் தீனிக்கு ஒரு மனுசன் போனான்னு இன்னைக்குத்தான் தெரியும். வண்டிக்குச் சொல்லிட்டேன். கூட்டம் முடிஞ்சதும் இவனை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். டாக்டர் என்ன சொல்றாரோ அதுதான். சாயங்காலம் எல்லாத் தட்டுலயும் பயறு இருக்கும்."

"அப்போ நான் கேட்ட கேள்வி..."

"அதுக்குப் பதிலை நீங்களே தேதி போட்டு எழுதியிருக்கீங்க. கையில வச்சிருக்கீங்க."

இருளப்பன் தாளைப் பிரித்தார். தன் கையெழுத்துதான். கடலை, பயறு, புண்ணாக்கு, எள்ளு. மில் நிர்வாகத்தின் கணக்கப்பிள்ளைகள் எத்தனை பேர் எழுதி வைத்ததில் இப்படி ஓட்டை கண்டுபிடித்திருக்கிறார்! தான் எழுதியதை ஒரு முறை படிக்கத் தோன்றவில்லை.

"சட்டம் சட்டம்தான், அக்கா," என்றார். "திருட்டு நடந்திருக்கு. பத்து மணிக்குப் பெயர் வாசிச்சாகணும்."

"வாசிங்க. யார் வேண்டாம்னா?"

"இவன் பெயரைத்தான் வாசிக்கணும்."

தாயம்மாள் மீதித் தேங்காயைக் கையில் எடுத்தாள்.

"வரிசையில முதல் குற்றத்தைக் காணோமே, அண்ணாச்சி."

பத்து மணிக்கு வேப்பமரத்தடியில் எல்லாரும் கூடினார்கள். ஊரிலிருந்து சாட்சிக்கு இரண்டு பேர் வந்திருந்தார்கள். பஸ் நிறுத்தத்து டீக்கடை பவுன்ராஜ், பூக்கட்டும் ராமலட்சுமி.

"இன்னைக்கு யாரு? வடை தின்னவனா?" என்றார் பவுன்ராஜ். "எங்க கடை வடைன்னா முன்கூட்டியே சொல்லிப்புடுங்க, நான் சாட்சி இல்ல."

"சும்மா இரும்," என்றாள் ராமலட்சுமி.

மாசானம் பாயைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு கடைசியில் உட்கார்ந்திருந்தான். வீங்கிய காலை வேட்டியால் மூடியிருந்தான்.

இருளப்பன் எழுந்தார். தாளைப் பார்த்தார். பேனாவை எடுத்தார். 'முதல்' என்பதை அடித்து 'இரண்டாம்' என்று எழுதினார். ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினார். நான்கு ஐந்தானது. தாளின் மேல் ஓரத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. அதில் பொடி எழுத்தில் எழுதினார்.

பிறகு வாசித்தார்.

"முதல் குற்றம்: போன ஆவணி பத்தாம் தேதி. பன்னிரண்டு தட்டிலிருந்து பயறும் கடலையும் எடுக்கப்பட்டன. எடுத்தவன் அதற்கொரு நியாயம் எழுதி, அச்சடித்து ஊருக்கும் கொடுத்தான். உழைக்கிறவன் கால் வீங்கியதைச் சதை என்று காட்டி மெச்சிக்கொண்டான்."

மாசானம் நிமிர்ந்தான். "தலைவரே, வேண்டாம்."

"வழக்கு நடக்கும்போது குறுக்கே பேசாதடா."

மற்ற நான்கையும் வரிசை தவறாமல் வாசித்தார். எலி மண்ணை மூடாது என்ற இடத்தில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது.

"ஐந்துக்கும் சேர்த்துப் பெயர் ஒன்றுதான்," என்றார். தணிந்த குரலில் அந்தப் பெயரைச் சொன்னார்.

பவுன்ராஜ் காதைச் சாய்த்தார்.

"சரியாக் கேக்கல, அண்ணாச்சி. கேக்காத பேருக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போட?"

இருளப்பன் தாயம்மாளைப் பார்த்தார். அவர் தாளை முகத்துக்கு நேரே உயர்த்தி, மில் வாசலில் கூவிய அதே குரலில் திரும்ப வாசித்தார்.

"குற்றவாளியின் பெயர்: கருத்தமுத்து மகன் இருளப்பன்."