ஏரிக்கரைக் கல்லில் யார் பெயர்?

ஜமீன் ஏரிக்குப் புதுப் பறவை வந்தால், முதலில் பார்த்தவர் பெயரைக் கரையில் கல்லில் வெட்டிவைப்பது வழக்கம். எல்லாக் கல்லிலும் பறவை அதிகாரி வயிரவநாதன் பெயர்தான். அப்படியிருக்க, நாணல் அறுக்கும் செங்கமலம் இடுப்பில் கைக்குழந்தையோடு வந்து, "மஞ்சக் கொண்டையோட ஒரு புதுப் பறவையைப் பார்த்தேன்" என்றதும் மனுஷனுக்கு வயிறு எரிந்தது.

நேரே ஜமீன்தாரிடம் போனார். "சுத்தப் பொய்! நாளைக் காலையில் பறவையைக் காட்டட்டும். இல்லையென்றால் ஜமீன் நிலத்தில் இருக்கிற குடிசையைக் காலிபண்ணட்டும்!"

பறவையோ அன்றே பறந்துவிட்டது.

விடிந்ததும் கரையில் ஒரே கூட்டம். செங்கமலம் அக்கரை நாணலைக் காட்டினாள். "அதோ, மஞ்சளாத் தெரியுது பாருங்க சாமி."

ஜமீன்தார் கண்ணைச் சுருக்கினார். "ஆமாம், ஏதோ தெரிகிறது."

கல்லில் இவள் பெயரா? அதிகாரிக்குத் தாங்கவில்லை. "இதைப் போன வாரமே நான் பார்த்தாயிற்று! கொண்டை, அலகு, எல்லாம் பார்த்தேன். இது என் பறவை!"

"அப்போ நீங்களே எடுத்துட்டு வாங்க சாமி. எம்புள்ளையோட மஞ்சத் துணி அது. விடியுமுன்னே போய்க் காயப்போட்டேன்."

ஜமீன்தார் சிரித்துச் சிரித்து இருமினார். "ஓய், இந்தக் கல்லெல்லாம் யார் வீட்டுத் துணி? குடிசை அவளுக்கே. இனிமேல் இவள் சாட்சி சொன்னால்தான் உம்முடைய பறவைக்குக் கல்!"

அன்று சாயங்காலமே நிஜப் பறவை திரும்பி வந்து அதிகாரியின் எதிரிலேயே இறங்கியது. அவர் மூச்சிரைக்கக் குடிசைக்கு ஓடினார். "செங்கமலம், சீக்கிரம் வாம்மா!"

"புள்ளை பால் குடிக்குது சாமி. பறவையைக் கொஞ்சம் நிக்கச் சொல்லுங்க, வரேன்."