சூளைக்குள் போன பன்றி

காக்கை சொன்ன அந்தச் சமையலைக் கிழச் சிறுத்தை பல வருடங்களாக நம்பவில்லை.

ஊருக்குள் ஒரு வீட்டுச் சன்னலில் உட்கார்ந்து காக்கை பார்த்ததாம். பன்றியின் விலாக்கறியில் உப்பும் மிளகும் பூண்டும் தடவி, காற்றுப் புகாமல் சுற்றி, பெட்டி போன்ற ஓர் அடுப்புக்குள் வைத்துக் கதவை மூடினார்களாம். சூடு குறைவுதான். நேரம்தான் அதிகம். வெளியே எடுத்தபோது கறி எலும்பை விட்டுத் தானே நழுவியதாம்!

"குறைந்த சூட்டில் விலாக்கறி வேகுமா? பொய்!" என்று சிறுத்தை உறுமும்.

ஆனால் இப்போது அதன் பற்கள் விழுந்துவிட்டன. குளத்துத் தவளைகளை விழுங்கித்தான் உயிர் வாழ்ந்தது. 'நான் இன்னும் சிறுத்தைதானா?' என்று தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொள்ளும். பிறகு அடுத்த தவளையைத் தேடும்.

ஒரு நாள் குளக்கரையில் காட்டுப்பன்றி ஒன்று மூக்கால் மண்ணைக் கிளறிக் கோரைக்கிழங்கு தின்றுகொண்டிருந்தது. சிறுத்தை பாய்ந்து அதை அமுக்கியது. பிடிக்க நகம் இருந்தது. கடித்துக் கொல்லத்தான் பல் இல்லை!

பன்றி பயப்படவில்லை. "என்ன மாமா, பிடித்துவிட்டீர்! தின்பது எப்படி? நக்கியா?"

சிறுத்தைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "பல் போனால் என்ன? இன்றைக்கு உன் விலாவைத் தின்னாமல் விடமாட்டேன்! ஏ காக்கை, இங்கே வா! அந்தச் சமையலைச் சொல்!"

பக்கத்திலேயே, கரி சுடுகிறவர்கள் விட்டுப்போன மண்சூளை ஒன்று இன்னும் கதகதப்பாக இருந்தது. காக்கை வழி சொன்னது. சிறுத்தை பன்றியின் மேல் தேக்கிலைகளைச் சுற்றிச் சூளைக்குள் தள்ளியது. சூளையின் வாயைக் கல்லால் அடைத்தது.

"உப்புப் போட்டீரா மாமா? மிளகு எங்கே?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "நன்றாக மூடும்! உம்முடைய அடுப்புக்கெல்லாம் நான் வேகமாட்டேன்!"

"வேகாமல் எங்கே போவாய்?"

சற்று நேரத்தில் உள்ளே சரசரவென்று சத்தம் கேட்டது. சிறுத்தை கல்லில் கை வைத்தது.

"திறந்து பார்க்கட்டுமா?"

"ஐயோ, திறக்காதீர் அண்ணே!" என்று காக்கை பதறியது. "அது கொழுப்பு உருகும் சத்தம்! அந்த வீட்டுக்காரி கடைசிவரை திறக்கவே இல்லை!"

சிறுத்தை எச்சில் ஊறக் காத்திருந்தது. சத்தம் நின்றது. 'வெந்துவிட்டது!' என்று கல்லைப் புரட்டியது.

உள்ளே வாடிய தேக்கிலைகள் கிடந்தன. பின்பக்கச் சுவரில் பெரிய ஓட்டை. அதன் வழியே குளம் தெரிந்தது.

அக்கரையிலிருந்து பன்றி கத்தியது. "சூளையும் மண்தானே மாமா! மண்ணைத் தோண்டாவிட்டால் நான் என்ன பன்றி? முடிந்தால் மறுபடியும் பிடியும்! மறுபடியும் தோண்டுவேன்!"

சிறுத்தை அந்த ஓட்டைக்குள் தலையை நுழைத்துப் பார்த்தது. பிறகு மெல்லக் கேட்டது: "காக்கை, உண்மையைச் சொல். அந்த வீட்டில் அடுப்புக்குள் வைத்தபோது, பன்றி பேசிக்கொண்டா இருந்தது?"

பணிய மறுப்பவரை எந்த அடுப்பும் வேகவைக்காது.