ஃபீனிக்ஸுக்கு யாரும் ஏன் அழவில்லை

அந்தக் காலத்தில் பறவை பேசினால் மனிதனுக்குப் புரியும். மனிதன் பேசினால் பறவைக்கும் புரியும். புரிந்தும் ஒருத்தரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. அதுதான் கதை.

கிரேக்க தேசத்தில் கடலோரமாக ஒரு ஊர். ஊருக்குப் பின்னால் ஒரு தோப்பு. அந்தத் தோப்பில் ஒரு சிவப்புப் பறவை இருந்தாள். சாயத்தொட்டியில் முக்கி எடுத்த மாதிரி அப்படி ஒரு சிவப்பு. ஊர்க்காரர்கள் அவளை ஃபீனிக்ஸ் என்று கூப்பிட்டார்கள். அவர்கள் பாஷையில் செக்கச்செவேல் என்று அர்த்தமாம். நிறத்தைத் தவிர வேறு விசேஷம் எதுவும் அவளிடம் இல்லை. புழு தின்பாள். மழை பெய்தால் நனைவாள். நெருப்பில் விழுந்து எழுகிற வித்தையெல்லாம் அவளுக்குத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அவள் இனத்தில் மிச்சம் இருந்தது அவளும் அவள் குஞ்சும்தான். இணைப்பறவை எப்போதோ வலையில் மாட்டிப் போய்விட்டது. குஞ்சுக்கு இன்னும் பெயர் இல்லை. முதன்முதலாகப் பறக்கிற அன்றைக்குத்தான் பெயர் வைப்பது அவர்கள் வழக்கம்.

"எனக்கு என்னம்மா பேரு வைப்ப?" என்று குஞ்சு தினமும் நச்சரிக்கும்.

"முதல்ல பற. எப்படி விழுறேன்னு பாத்துட்டு அதுக்கேத்த மாதிரி வைக்கிறேன்."

ஒரு கோடையில் தோப்பு பற்றிக்கொண்டது. யார் வைத்த நெருப்போ தெரியாது. காய்ந்த சருகு, மேல்காற்று, வேறென்ன வேண்டும்? ஒரு நொடியில் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். குருவிகள், புறாக்கள், முயல்கள், அடுப்புக்கு விறகு பொறுக்க வந்த மனிதர்கள், எல்லாரும். அப்படி ஓடியதில் தப்பு ஒன்றும் இல்லை. நெருப்பு என்றால் ஓடத்தான் வேண்டும்.

பக்கத்து மரத்தில் ஒரு கூழைக்கடா குடியிருந்தது. அலகுக்குக் கீழே பெரிய பை தொங்குமே, அந்தப் பறவை. நல்லவன்தான், கொஞ்சம் பயந்தவன். மேலே எழும்பிக்கொண்டே கத்தினான்.

"தங்கச்சி, வந்துடு! குஞ்சு போனா போவுது, இன்னொண்ணு பெத்துக்கலாம்!"

"யாரோட பெத்துக்கிறது?" என்றாள் அவள்.

கூழைக்கடா மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

"நீ போ அண்ணே. இவளால பறக்க முடியாது. நான் பாத்துக்கிறேன்."

கூழைக்கடா போய்விட்டான். அவள் குஞ்சை வேருக்கு அடியில் ஈரமண் குழியில் தள்ளினாள். மேலே சிறகை விரித்துப் படுத்தாள். அவ்வளவுதான். அவள் எரிந்தாள். குஞ்சு எரியவில்லை. எவ்வளவு வலித்தது என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு அவள் இல்லை.

நெருப்பு அடங்கியபின் எல்லாரும் திரும்பி வந்தார்கள். முன்னால் நாரை வந்தார். கழுத்து நீளம், குரலும் நீளம். ஊரில் எது நடந்தாலும் அவர் நான்கு வார்த்தை பேசாமல் முடியாது. கரிந்துபோன மரத்தடியில் ஒரு சாம்பல் குவியல் கிடந்தது. எல்லாரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள். நாரை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

அப்போது சாம்பல் அசைந்தது. உள்ளேயிருந்து சிவப்பாக ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"எழுந்துட்டா!" என்று நாரை அலறினார். "ஃபீனிக்ஸ் எழுந்துட்டா! சாம்பல்லேருந்து எழுந்துட்டா!"

எல்லாரும் கத்தினார்கள், சிறகடித்தார்கள், கை தட்டினார்கள். குஞ்சு பயந்து மறுபடி சாம்பலுக்குள் தலையை இழுத்துக்கொண்டது. அப்புறம் மெதுவாக வெளியே வந்து சொன்னது.

"நான் ஃபீனிக்ஸ் இல்ல. அவங்க எங்கம்மா. நான் அடியில இருந்தேன். அம்மா மேல இருந்தாங்க. இதோ, இதுதான் அம்மா."

அது சாம்பலைக் காட்டியது.

"பாவம், பயத்துல உளறுது," என்றார் நாரை. "எரிஞ்சு எழுந்தா சும்மாவா? பாருங்க, எவ்வளவு இளமையா வந்திருக்கா!"

கூழைக்கடாவுக்கு உண்மை தெரியும். அந்தக் குஞ்சு முட்டையிலிருந்து வந்த அன்றைக்கே பார்த்தவன் அவன். வாயைத் திறக்கப் போனான். சுற்றிலும் பார்த்தான். எல்லார் முகத்திலும் அப்படி ஒரு நிம்மதி. அவர்கள் எல்லாரும் ஓடிப்போனவர்கள். அவள் செத்துவிட்டாள் என்றால், அவளை விட்டுவிட்டு ஓடினோம் என்று ஆகும். அவள் எழுந்துவிட்டாள் என்றால் யாரும் எந்தத் தப்பும் செய்யவில்லை என்று ஆகும். கூழைக்கடாவும் ஓடியவன்தான். அலகை மூடிக்கொண்டான்.

அன்றைக்கு அம்மாவுக்காக யாரும் அழவில்லை. எழுந்துவிட்டவளுக்காக எதற்கு அழ வேண்டும்? குஞ்சு மட்டும் அழுதது. அதையும் ஆனந்தக் கண்ணீர் என்று நாரை விளக்கினார்.

பிறகு குஞ்சு பறந்தது. முதன்முதலாகப் பறந்த அன்றைக்கு அது சரியாகக் கூட விழவில்லை, ஒரு புதரில் போய் உட்கார்ந்தது. பெயர் வைக்க ஆள் இல்லை. பெயர்தான் ஏற்கெனவே வைத்துவிட்டார்களே. "ஃபீனிக்ஸ்! ஃபீனிக்ஸ்!" என்று கீழே எல்லாரும் கூவினார்கள்.

அந்தப் பெயர் காட்டுத்தீயை விட வேகமாகப் பரவியது. நாரை ஒரு பாட்டுக் கட்டினார். குயவன் தியோன் பானையில் எல்லாம் சிவப்புப் பறவை வரைந்தான். மல்யுத்தம் போடுகிறவர்கள் கையில் சிவப்புக் கயிறு கட்டிக்கொண்டு, தோற்றாலும் "நான் ஃபீனிக்ஸ்டா" என்று மீசையை முறுக்கினார்கள். நாடகம் போட்டார்கள். நாடகத்தில் பறவையாக நடித்தவன் தீப்பந்தத்துக்கு நடுவில் படுத்து, எழுந்து, முறைத்துப் பார்ப்பான். அந்த இடத்தில் விசில் காது கிழியும். பூனைக்குட்டி, கழுதைக்குட்டி, மனிதக்குட்டி எல்லாவற்றுக்கும் அதே பெயர்.

"கொஞ்சம் சிறகை விரிச்சு நில்லும்மா," என்பான் தியோன், தூரிகையை வைத்துக்கொண்டு. "முகத்துல ஒரு கோபம் வேணும். எரிஞ்சு வந்தவ மாதிரி."

"நான் எரியலண்ணே."

"அதான், அதே முகம்! அப்படியே நில்லு!"

சின்னப் பிள்ளைகள் மரத்தடியில் வந்து கேட்கும்: "அக்கா, மறுபடி எப்ப எரிவீங்க?"

"ஏய், அப்படிக் கேக்கக் கூடாது," என்பார் நாரை. "அவளுக்கா எப்பத் தோணுதோ அப்பத்தான்."

ஒருநாள் மெலித்தா என்று ஒரு பெண்ணை அழைத்துவந்தார்கள். அவள் புருஷன் மீன் பிடிக்கப் போன இடத்தில் படகு கவிழ்ந்து செத்துவிட்டான். உடம்பு கூடக் கிடைக்கவில்லை. அவள் சாப்பிடாமல் கடலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். பார்த்தவர்களுக்குப் பொறுக்கவில்லை. அவளுக்காகப் பொறுக்கவில்லையா, பார்க்கப் பொறுக்கவில்லையா, அது வேறு விஷயம்.

"ஃபீனிக்ஸே, இவளுக்கு நீதான் ஒரு வார்த்தை சொல்லணும்," என்றார் நாரை. "எப்படி எழுந்தேன்னு சொல்லு."

அவள் கிளையிலிருந்து இறங்கி மெலித்தாவின் எதிரில் உட்கார்ந்தாள்.

"நான் எழலக்கா. எங்கம்மா செத்துட்டாங்க. நான் பொழைச்சுக்கிட்டேன். அது வேற, இது வேற."

கூட்டத்தில் முணுமுணுப்பு. மெலித்தா முதன்முறையாகத் தலையைத் தூக்கினாள்.

"அப்ப செத்தவங்க வரமாட்டாங்களா?"

"வரமாட்டாங்கக்கா."

"நிஜமா?"

"நான் சாம்பலைக் கிளறிக் கிளறிப் பாத்தேன். வரல."

மெலித்தா ஓவென்று அழுதாள். அவள் அழுவதைப் பார்த்து சிவப்புப் பறவையும் அழுதாள். இரண்டு பேரும் நன்றாக அழுதார்கள். அழுது முடித்து மெலித்தா மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"உங்கம்மா எப்படி இருப்பாங்க?"

அதுவரைக்கும் பறவையிடம் அதை யாருமே கேட்டதில்லை. சொல்ல ஆரம்பித்தாள். நாரை நடுவில் புகுந்துவிட்டார்.

"போதும், போதும். இது மாதிரி மனசை உடைக்கிற பேச்செல்லாம் நமக்கு வேணாம். அடக்கம் ஜாஸ்தி இவளுக்கு, அதான் அப்படிச் சொல்றா."

மெலித்தாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்கு அப்புறம் துக்கப்பட்டவர்களை அவளிடம் அழைத்து வரவில்லை. தூரத்திலிருந்து காட்டுவதோடு சரி.

அடுத்த கோடையில் ஊர்க்காரர்கள் அவளுக்கு விழா எடுத்தார்கள். ஊர் நடுவில் கம்பங்கள் நட்டு, அதன் மேல் பெரிய கூடு கட்டினார்கள். பாசத்தோடுதான் கட்டினார்கள். கப்பலில் வந்த லவங்கப்பட்டை, சாம்பிராணி, வாசனைக் குச்சி, காய்ந்த புல். அவளுக்கு மரியாதை செய்ய வேண்டுமென்று ஆளாளுக்குப் பூமாலையும் சரமும் போட்டார்கள். பூ கட்டிய நார் அவள் காலைச் சுற்றிக்கொண்டது.

"இறுக்குதுண்ணே," என்றாள்.

"கொஞ்ச நேரம் பொறுத்துக்க. எல்லாரும் உன்னைப் பாக்கத்தானே வந்திருக்காங்க," என்றார் நாரை.

கீழே தியோன் விழாவுக்காகவே சூளை போட்டிருந்தான். சுடச்சுட ஃபீனிக்ஸ் பானை. நல்ல வியாபாரம். காற்று திரும்பியது. சூளையிலிருந்து ஒரு பொறி பறந்து கூட்டின் ஓரத்தில் உட்கார்ந்தது. சாம்பிராணிக்கு அது போதும்.

புகை கிளம்பியது. நல்ல வாசனை. ஜனங்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"ஆரம்பிச்சுட்டா!" என்று ஒருவன் கத்தினான்.

அவள் சிறகை அடித்தாள். கால் வரவில்லை. காலைச் சுற்றிய சரத்தை அலகால் கொத்தினாள், ஒரு சரம் அறுந்தால் இன்னொரு சரம் இருந்தது.

"தண்ணி! தண்ணி ஊத்துங்க! யாராவது அவுத்து விடுங்க!"

கீழே அழுதார்கள், சிரித்தார்கள், பிள்ளைகளைத் தோளில் தூக்கிக் காட்டினார்கள். அவள் கத்தியது எல்லாருக்கும் புரிந்தது. போன முறையும் இப்படித்தான் கத்தியிருப்பாள் என்று பேசிக்கொண்டார்கள்.

கூழைக்கடா மட்டும் கடலுக்குப் பாய்ந்தான். இந்த முறை ஓடவில்லை, அதைச் சொல்ல வேண்டும். அலகுப்பை நிறையத் தண்ணீர் மொண்டுகொண்டு, கனம் தாங்காமல் தாழப் பறந்து வந்தான். கூட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டான். நாரை குறுக்கே வந்து நின்றார்.

"யோவ், என்ன பண்ற? அணைச்சுட்டா அவ எப்படி எழுவா? பாதியில அணைச்சு அவளைக் கொல்லப் போறியா?"

"கெடுத்துடாதே!" என்று கீழேயிருந்து கூச்சல். "தள்ளிப் போ!" யாரோ கல்லை விட்டெறிந்தார்கள்.

வாய் நிறையத் தண்ணீர். பதில் சொல்ல வேண்டுமானால் தண்ணீரைத் துப்ப வேண்டும். அவனுக்கு ஒரு நொடி சந்தேகம் வந்தது. இத்தனை பேர் சொல்கிறார்களே, நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேனோ? அன்றைக்குப் பார்த்தது குஞ்சுதானா? ஒருவேளை எழுந்துவிடுவாளோ?

"மாமா!" என்று அவள் கூப்பிட்டாள். "மாமா, உனக்குத் தெரியும்ல!"

கூழைக்கடா அலகைத் திறந்தான். தண்ணீர் அத்தனையும் கீழே மண்ணில் கொட்டியது.

"அது... அது குஞ்சுங்க..." என்றான்.

யார் காதிலும் விழவில்லை. அவ்வளவு கைதட்டல்.

கூடு சரிந்து விழுந்தது. பிறகு சாம்பல். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். பிள்ளைகளை "உஷ்" என்று அடக்கினார்கள். சாம்பல் அசையவில்லை. காற்று அடித்தபோது கொஞ்சம் அசைந்தது, உடனே கை தட்டிவிட்டு, இல்லை என்று தெரிந்ததும் நிறுத்தினார்கள்.

மெலித்தா விழாவுக்கு வரவில்லை. செய்தி கேட்டு ஒரு குடம் தண்ணீரோடு ஓடி வந்தாள். எல்லாம் முடிந்திருந்தது.

"என்னடி இது, சாம்பலை நனைச்சுடாதே, எழப் போறா," என்று ஒரு பெண் அவள் கையைப் பிடித்தாள்.

"எழமாட்டா," என்றாள் மெலித்தா. "அவளே சொன்னாளே. உங்க எல்லார்கிட்டயும் சொன்னாளே. எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

ஒருத்தரும் போகவில்லை. வெயில் சாய்ந்தது. பசி எடுத்தது. அவர்கள் ஒருவரையொருவர் பார்க்க ஆரம்பித்தபோது நாரைக்குப் பயம் வந்துவிட்டது. கழுத்தை நீட்டினார்.

"எழுந்துட்டா!" என்றார். "நான் பாத்தேன். புகையோட புகையா எழுந்து கடலுக்கு அந்தப் பக்கம் போயிட்டா. வேற ஊர்ல கஷ்டப்படுறவங்களுக்கும் அவ வேணுமில்ல?"

எவ்வளவு பெரிய பெருமூச்சு தெரியுமா அந்தக் கூட்டத்திலிருந்து வந்தது. கை தட்டினார்கள். பானைகளை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அந்த இனத்தில் அதற்கப்புறம் ஒரு பறவையும் இல்லை. மெலித்தா சாம்பலை அள்ளித் தோப்பில் அந்த வேருக்கடியில் கொண்டுபோய் வைத்தாள். கூழைக்கடா கூடவே போனான்.

பறவை போய்விட்டது, பெயர் போகவில்லை. கடல் தாண்டி எல்லா ஊருக்கும் வந்துவிட்டது, நம் ஊருக்கும்தான். ஜிம் போர்டில் இருக்கிறது, கிரிக்கெட் டீம் டி-ஷர்ட்டில் இருக்கிறது, டுடோரியல் சென்டர் சுவரில் இருக்கிறது, முதுகில் பச்சை குத்திக்கொள்கிறார்கள், படம் ஓடாத ஹீரோவுக்கு அடுத்த படத்தில் அந்தப் பெயர் போட்டுப் போஸ்டர் அடிக்கிறார்கள். அன்று தொடங்கியதுதான் இந்தப் பழக்கமும்: ஒருத்தன் எரிந்துகொண்டு தண்ணீர் தண்ணீர் என்று கத்தினாலும் யாரும் குடத்தைத் தூக்குவதில்லை, "ஃபீனிக்ஸ் மாதிரி எழுந்து வா" என்று சொல்லிவிட்டு, கை தட்டுவதற்குத் தயாராகத் தள்ளி நின்று பார்க்கிறார்கள்.