ஆடு தின்ற மல்லிகை

ஆற்றங்கரை மடத்தில் இருந்த குரு நல்லமங்கையிடம் பொன்னரங்கர் புகாரோடு வந்தார். சீடர்தான், ஆனால் குருவைவிட வயதில் மூத்தவர். பாட்டுக் கட்டுபவர்.

“அம்மா, ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து கட்டிய பாட்டு. பரிசல்காரி கூத்தாயி அதைப் பாடியே ஆள் ஏற்றுகிறாள். என் பேரைக்கூடச் சொல்வதில்லை. இது நியாயமா?”

“நியாயமில்லைதான்.”

அவர் இதை எதிர்பார்க்கவில்லை.

“உழைப்பு உங்களுடையது. இனி உங்களைக் கேட்காமல் அதை யாரும் பாட வேண்டாம்.”

அன்றே ஊரில் தண்டோரா போட்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் பொன்னரங்கர் வாசலில் கூட்டம்.

“மண் மிதிக்கையில பாடிக்கலாமா, ஐயா?” என்றார் ஒரு குயவர்.

“பாடுங்கள்.”

“புள்ளையத் தூங்கவைக்க?” என்றாள் ஒருத்தி.

“பாடம்மா.”

“நான் பாடமாட்டேன். சீட்டி அடிக்கலாமா?” என்றான் ஒரு பையன்.

காலையில் பெருமையாக இருந்தது. உச்சிவேளைக்குள் பதில் சொல்லியே தொண்டை கட்டிவிட்டது.

கடைசியாகக் கூத்தாயி வந்தாள்.

“அண்ணே, நானும் பாடிக்கிறேனே. ஆனா ரெண்டாவது அடி ஒரே அழுகையா இருக்கு. மாத்திக்கட்டுமா?”

அவருக்குச் சுருக்கென்றது. சந்தைக்குப் போன மச்சான் வரவில்லை, தொடுத்த மல்லிகை வாசலிலேயே துவண்டது. அவர் கண்ணீர் விட்டு எழுதிய அடி.

“எங்கே, மாற்றிப் பாடு பார்ப்போம்.”

கூத்தாயி பாடினாள்.

“சந்தைக்குப் போன மச்சான் சாயங்காலம் வருவாருன்னு
தொடுத்து வச்ச மல்லிகைய ஆடு தின்னு போட்டுதடி,
மணக்க மணக்கக் கத்துதடி!”

பொன்னரங்கர் முறைத்தார். உதடு துடித்தது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“என்ன சொல்றீங்க அண்ணே?”

அவர் எங்கே நின்றார்? மடத்துக்கு ஓடிக்கொண்டிருந்தார். கூத்தாயிக்குக் கரையில் ஆட்கள் காத்திருந்தார்கள். போய்விட்டாள்.

“அம்மா, இதைக் கேளுங்கள்!” என்று அவர் மூச்சிரைக்க வாயைத் திறந்தார்.

நல்லமங்கை கை உயர்த்தினாள்.

“யார் கட்டிய அடி?”

“கூத்தாயி...” என்றவர் வந்த வழியே திரும்பினார்.

பொன்னரங்கர் ஆற்றுக்கு நடந்தார். பரிசல் அதற்குள் நடு ஆற்றுக்குப் போயிருந்தது. இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக் கத்தினார்.

“கூத்தாயி! உன் அடியை நான் பாடிக்கட்டுமா?”

பரிசலில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தண்ணீருக்கு மேலே அவள் குரல் வந்தது.

“தாராளமாப் பாடுங்கண்ணே! உங்க அடியில்லாம என் ஆடு எதைத் திங்கும்?”