மூன்று பேரும் ஒரு கையடுப்பும்

ஒத்தப்பனை முனையில் மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு வள்ளம் இருந்தது. மூளையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. படித்துவிட்டு நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மூத்தவர் தொம்மை. யோசிப்பது அவர் வேலை. யோசிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார், சில சமயம் குறட்டையும் வரும். அடுத்தவன் அவருடைய தம்பி இன்னாசி. அண்ணன் யோசித்ததை நம்புவது அவன் வேலை. மூன்றாமவன் இன்னாசியின் மச்சினன் கபிரியேல். கேள்வி கேட்பான். யாராவது பதில் சொல்லிவிட்டால் பயந்துபோவான்.

கபிரியேலின் தங்கச்சி ஜெனோவாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. நிச்சயதார்த்தப் பந்தியில் மாப்பிள்ளையின் தாய்மாமன், உங்க ஊர்ப் பக்கம் சீலா மீன் கிடைக்குமா என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டுவிட்டார். தொம்மை எழுந்து நின்றார். கல்யாணப் பந்திக்கான சீலா மொத்தமும் எங்கள் பொறுப்பு, வேறு யாரும் ஒரு துண்டம்கூடக் கொண்டுவரக் கூடாது என்று சபைக்குச் சொன்னார். உட்கார்ந்த பிறகுதான் யோசித்தார்.

சீலா கரையோரம் வந்து காத்திருக்கிற மீன் இல்லை. தூரப் போகணும், ஓர் இரவாவது கடலில் தங்கணும். தங்குவதென்றால் சோறு வேணும்.

ஒரு தடவை முயன்று பார்த்திருக்கிறார்கள். இன்னாசியின் பெண்டாட்டி பிரகாசி சோற்றைத் தூக்குச் சட்டியில் கட்டிக் கொடுத்து, பசிச்சா சாப்பிடுங்க என்றாள். வள்ளத்தைத் தள்ளும்போதே பசித்துவிட்டது. மணலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கடலுக்கான சோறு தீர்ந்துபோனதால் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள்.

அதனால் இந்தத் தடவை பிரகாசி வேறு மாதிரி சொன்னாள். "வள்ளத்துல வச்சே பொங்கித் தின்னுங்க. காத்துக்கு அணையாம, ஆட்டத்துக்குக் கவிழாம, கையோட எடுத்துட்டுப் போற மாதிரி ஒரு அடுப்பு வாங்கிட்டு வாங்க."

மூன்று பேரும் ஆளுக்கு ஒரு வரியை மனப்பாடம் செய்துகொண்டு தூத்துக்குடிக்கு பஸ் ஏறினார்கள்.

அங்கே தங்கப்பழம் அண்ணாச்சியின் பாத்திரக் கடை. அண்ணாச்சி பொறுமைசாலி என்று பேர் வாங்கியவர். அன்று சாயங்காலத்துக்குப் பிறகு அந்தப் பேர் அவருக்கு இல்லை.

அவர் முதலில் காட்டியது திரி ஸ்டவ். கபிரியேல் தன் வரியைச் சொல்லி, காத்து வேணும் என்றான். கடையில் இருந்த டேபிள் ஃபேனை எடுத்து ஸ்டவ்வுக்கு நேரே வைத்தார்கள். திரி ஸ்டவ் அணைந்தது. பம்ப் ஸ்டவ் சீறிக்கொண்டு நின்றது. ஆனால் கல்லாப் பக்கம் இருந்த பில்லெல்லாம் பறந்து தெருவுக்குப் போயிற்று. அண்ணாச்சி பொறுக்கப் போனார்.

அந்த நேரத்தில் இன்னாசி ஒரு கரண்ட் அடுப்பைக் கண்டுபிடித்தான். தீயே இல்லை, காத்து என்ன செய்யும் என்று மகிழ்ந்தான். திரும்பி வந்த அண்ணாச்சி, இதுக்கு வயர் செருகணுமே தம்பி என்றார். சீலா கிடைக்கிற இடம் வரைக்கும் வயர் வேணும், அவ்வளவுதானே என்றான் கபிரியேல். தொம்மை கண்ணை மூடினார். சற்று நேரம் கழித்துத் திறந்தார்.

"வயர் விடுறது பெருசில்ல. வரும்போது சுருட்டணும். மீன் இழுப்பமா, வயர் இழுப்பமா?"

கரண்ட் அடுப்பு தள்ளுபடியானது.

அடுத்தது ஆட்டம். கடை பெஞ்சில் ஒவ்வோர் அடுப்பாக வைத்து, தலைக்கு ஒருவர் காலுக்கு ஒருவர் நின்று பெஞ்சை ஆட்டினார்கள். வாடைக் காற்றுக் காலத்து ஆட்டம். திரி ஸ்டவ் விழுந்தது. பம்ப் ஸ்டவ் விழுந்தது. சின்ன சிலிண்டரின் தலையிலேயே பர்னர் வைத்த காஸ் அடுப்பு, கொஞ்சம் யோசித்துவிட்டு விழுந்தது. அண்ணாச்சியின் டீயும் விழுந்தது. அவர் அதைப் போட்டிக்கு விடவே இல்லை. இரும்புக் கரியடுப்பு மட்டும் அசையாமல் நின்றது. அதைத் தூக்கிப் பார்த்த இன்னாசிதான் அசைந்துவிட்டான்.

மூவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"எல்லா அடுப்பும் எதனால விழுது?" என்று கேட்டான் கபிரியேல்.

"கீழ வைக்கிறதால விழுது" என்றார் தொம்மை.

"அப்ப கீழ வைக்கலைன்னா?"

தொம்மை மெதுவாகத் தம்பியைப் பார்த்தார். "பிரகாசி என்ன சொன்னா? கையோட-ன்னு சொன்னாளா இல்லையா? அவ படிச்சவ. அடுப்பு கையில இருந்தா எப்படி விழும்?"

இன்னாசிக்குப் பெண்டாட்டியை நினைத்துப் பெருமையாக இருந்தது. காஸ் அடுப்பையே எடுத்தார்கள். பர்னரைச் சுற்றி ஒரு தகரத் தடுப்பு இருந்ததால் ஃபேன் காற்றுக்கும் அது அணையவில்லை.

அண்ணாச்சி ஒரு லைட்டரும் கொடுத்து, இந்தத் திருகைத் திருகி இப்படிப் பொருத்தினா எரியும் என்று காட்டினார். அவர்கள் சீக்கிரம் போனால் போதும் என்று வேகமாகச் சொல்லி முடித்தார். "எரியிற அடுப்பை விட்டு நகரக் கூடாது. தண்ணி பட்டுறக் கூடாது. கைக்குழந்தை மாதிரி பாத்துக்கிடணும். போயிட்டு வாங்க."

போயிட்டு வாங்க என்றதால் கபிரியேல் தெரு முனை வரை போய்விட்டு ஒரு தடவை வந்தான்.

பஸ்ஸில் இன்னாசி அடுப்பைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தான். வெயில் படாமல் கபிரியேல் கையால் மறைத்தான். கண்டக்டர் வந்து, துண்டுக்குள்ள என்ன என்று கேட்டார்.

"கைக்குழந்தை மாதிரி" என்றார் தொம்மை.

கண்டக்டர் துண்டை விலக்கிப் பார்த்தார். நேரம் எடுத்துப் பார்த்தார். பிறகு, இதுக்கு டிக்கெட் எடுக்கணும் என்றார். "இன்னைக்குத்தான் வாங்குனோம், இன்னும் ஒரு நாள்கூட ஆகலை" என்றான் இன்னாசி. கண்டக்டர் முன்பக்கம் போனவர், ஊர் வரும் வரை பின்பக்கம் வரவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் விடிந்ததும் கிளம்பினார்கள். அரிசி, தண்ணீர், பானை, அகப்பை, அடுப்பு. பின்னால் தூண்டிலையும் விட்டுக்கொண்டு போனார்கள். கரை பார்வையை விட்டு மறைவதற்குள் பசித்துவிட்டது.

அடுப்பைக் கையில் எடுத்த இன்னாசி நாலு பக்கமும் பார்த்தான். ஒரு விஷயம் அவனுக்கு அப்போதுதான் பட்டது.

"அண்ணே, இங்க பூரா தண்ணியா இருக்கே."

தொம்மையும் பார்த்தார். ஆமாம், இருந்தது. பத்து வயசிலிருந்து கடலுக்கு வருகிறவர், இத்தனை தண்ணீரை அவர் கவனித்ததில்லை. தண்ணி பட்டுறக் கூடாது என்று அண்ணாச்சி சொல்லியிருக்க, இவ்வளவு தண்ணீருக்கு நடுவில் அடுப்பைக் கொண்டுவந்தது பெரிய தப்பு. வள்ளத்தைத் திருப்பினார்கள்.

ஊருக்கு எதிரே ஒரு மணல் திட்டு உண்டு. வத்தத்தில், அதாவது தண்ணீர் இறங்கிய நேரத்தில், கரையிலிருந்து இடுப்பளவு நீரில் நடந்தே போகலாம். அங்கே இறங்கினார்கள். இங்கேயே பொங்கிவிடலாமா என்று இன்னாசி கேட்டான். வள்ளத்துல வச்சே பொங்கணும்னு அக்கா சொன்னாளே என்றான் கபிரியேல். அதுவும் சரிதான். வள்ளத்தை மூச்சு முட்ட இழுத்துத் திட்டின் உச்சியில் ஏற்றினார்கள். பிறகு மூவரும் ஏறி உள்ளே உட்கார்ந்தார்கள்.

இன்னாசி அடுப்பை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே பிடித்தான். அதன் மேலே கபிரியேல் பானையை இரண்டு கையாலும் பிடித்தான். தொம்மை ஒரு கையால் மூடியைத் தூக்கி, மறு கையால் அகப்பை போட்டுக் கிண்டினார். அடுப்பு கவிழவில்லை. காற்றுக்கு அணையவில்லை. கஞ்சி கொதித்தது. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். வாழ்க்கையில் அவர்கள் செய்த காரியம் ஒன்று சரியாக நடந்தது அதுதான் முதல் தடவை.

அப்போது சாளை மீன் கூட்டம் ஒன்று திட்டின் ஓரத்துக்கு ஓடி வந்தது. அதைத் துரத்திக்கொண்டு சீலா வந்தது. ஒன்றிரண்டு அல்ல, ஆள் கை நீளத்துக்கு, வெள்ளிக் கத்தி மாதிரி, தண்ணீரை விட்டுத் துள்ளித் துள்ளி விழுந்தன. தண்ணீருக்குள் கிடந்த அவர்களுடைய தூண்டில் கயிறு விறைத்தது. வள்ளத்தின் ஓரத்தில் கட்டியிருந்த முடிச்சு கிறீச்சென்றது.

"மீன்" என்றான் கபிரியேல்.

"தெரியுது" என்றார் தொம்மை. "எரியிற அடுப்பை விட்டு நகரக் கூடாது."

இன்னாசிக்குக் கண் கலங்கியது. மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொன்ன வாக்கு கையெட்டும் தூரத்தில் துள்ளிக்கொண்டிருந்தது. தொம்மை கண்ணை மூடினார். முடிச்சு இன்னொரு தடவை கிறீச்சென்றது. கண்ணைத் திறந்தார்.

"ஏல, அடுப்பை விட்டுத்தான் நகரக் கூடாது. அடுப்போட நகரலாம்."

இன்னாசி அண்ணனைக் கும்பிட நினைத்தான், கை இல்லை. அடுப்பு, பானை, அகப்பை என்று மூவரும் ஒட்டிக்கொண்டு, நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து கயிறு இருந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். வந்த பிறகு, இழுப்பது யார் என்ற பிரச்சினை வந்தது. இன்னாசி கையில் அடுப்பு. கபிரியேல் கையில் பானை. அகப்பையை விட்டால் அடிப்பிடிக்கும். இதை அவர்கள் பேசி முடிப்பதற்குள் சீலா கயிற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

அந்த வழியாகப் பக்கத்து வீட்டுச் சிலுவை, வள்ளம் நிறைய மீனோடு வந்தான். மணல் மேட்டில் நிற்கிற வள்ளத்தையும் அதற்குள் அடுப்போடு நிற்கிற மூவரையும் பார்த்து, ஏதும் உதவி வேணுமா என்று கேட்டான்.

"ஒண்ணும் வேண்டாம். கடல்ல தங்கியிருக்கோம்" என்றார் தொம்மை.

கஞ்சி வெந்தது. தொம்மை அகப்பையால் தம்பிக்கும் கபிரியேலுக்கும் ஊட்டினார், தானும் குடித்தார். அருமையாக இருந்தது. இனி அடுப்பை அணைத்துவிட்டு மீன் பிடிக்கலாம் என்று ஏகமனதாக முடிவாயிற்று.

ஆனால் எப்படி அணைப்பது என்று அண்ணாச்சி சொல்லவில்லை.

ஊதிப் பார்க்கலாமா என்றான் இன்னாசி. காத்துக்கு அணையாததுன்னு பாத்துத்தானே வாங்குனோம் என்றார் தொம்மை. தண்ணீர் ஊற்றலாமா என்றான் கபிரியேல், கேட்டுவிட்டுத் தானே நாக்கைக் கடித்துக்கொண்டான். திருகைத் திருகலாமா என்று கேட்டபோது தொம்மைக்குக் கோபமே வந்துவிட்டது. "திருகினா எரியும்னு அவர் நம்ம கண்ணு முன்னால காட்டலையா? எரியிறதை இன்னும் எரிய வைக்கவா?"

மிச்சப் பகலும் ராத்திரி முழுவதும் முறை மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். விடியும்போது தண்ணீர் வற்றியது. அடுப்பைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, இடுப்பளவு நீரில் மூவரும் கரைக்கு நடந்தார்கள். கல்யாண வீட்டுக்குப் போய் என்ன சொல்வது என்று இன்னாசி வழியெல்லாம் கேட்டான். தொம்மையின் தலையும் குனிந்தே இருந்தது.

கோயிலில் தாலி மந்திரிப்பு நடந்துகொண்டிருந்தது. இடுப்பு வரை நனைந்து, பக்கவாட்டில் நடந்து, எரிகிற அடுப்போடு மூன்று பேர் நடுப்பாதையில் வருவதைப் பார்த்ததும் பாடகர் குழு ஒரு வரியை விட்டுவிட்டது. பங்குச் சாமியார், காணிக்கைப் பவனி இப்போது இல்லையே என்று மெல்லச் சொன்னார். மாப்பிள்ளையின் தாய்மாமன் தூபக்கால் என்று நினைத்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

பிரகாசி எழுந்து வந்தாள். திருகை மறுபக்கம் திருகினாள். அடுப்பு அணைந்தது.

மூவரும் அவளை, கடல் பிளந்ததைப் பார்த்தவர்கள் மாதிரி பார்த்தார்கள்.

மீன் கிடைக்கவில்லை என்று இன்னாசி தரையைப் பார்த்துச் சொன்னான். பிரகாசி, அடுப்பு வாங்கிவந்த அன்றைக்கே பந்திக்குக் கோழி சொல்லிவிட்டதாகச் சொன்னாள். அவள் அந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். தாய்மாமனுக்கும் மனக்குறை இல்லை. தனக்குச் சீலா ஆகாது, உடம்பு அரிக்கும் என்று அவர் அப்போதுதான் சொன்னார்.

மூவரும் பந்தியில் உட்கார்ந்து கோழியைக் கடித்தபோதுதான் பிரகாசி கேட்டாள்.

"பெரியத்தான், வள்ளம் எங்க?"

தொம்மை கறியை மென்று முடித்தார். "திட்டுல நிக்கி. வள்ளத்தை விட்டு நகரக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே."

சாப்பாடு முடிந்ததும் சிலுவையின் வள்ளத்தை இரவல் வாங்கிக்கொண்டு திட்டுக்குப் போனார்கள். தங்கள் வள்ளத்தைத் தண்ணீருக்கு இறக்கினார்கள். மூவரும் அதில் ஏறி, பாட்டுப் பாடிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தார்கள்.

கரையில் சிலுவை நின்றுகொண்டிருந்தான். என் வள்ளம் எங்கே என்று கேட்டான். மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். திட்டில் பத்திரமாக நிற்பதாகத் தொம்மை சொன்னார். நானே போய் எடுத்துக்கொள்கிறேன் என்று சிலுவை கெஞ்சினான். தப்பு எங்களுடையது, நாங்கள்தான் சரிசெய்யணும் என்று தொம்மை ஒரே பிடியாக நின்றார். தங்கள் வள்ளத்தில் மூவரும் போனார்கள். சிலுவையின் வள்ளத்தில் மூவரும் திரும்பி வந்தார்கள்.

இன்றைக்கும் நீங்கள் ஒத்தப்பனை முனைக்குப் போனால் கரையில் ஒரு வள்ளமும் திட்டில் ஒரு வள்ளமும் நிற்கும். எது யாருடையது என்பது நீங்கள் போகிற கிழமையைப் பொறுத்தது.